யாழ்ப்பாணத்தில் புது பிளாட்டுக்குப் போகிறோம், எந்த இன்ரநெற் எடுப்பது?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சரியாக விளங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பிலிருந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணம் வருகிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் புதிதாகக் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் ஒரு பிளாட் பார்த்து வைத்திருக்கிறீர்கள். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை, மாலை ஐந்து மணி தொடக்கம் இரவு ஒரு மணி வரை, அதில் பாதி நேரம் வீடியோ கோல். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒன்லைன் ரியூசன். “எந்தக் கொம்பனி நல்லது, எத்தனை எம்பி பக்கேஜ் எடுக்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அறிய விரும்புவது இன்னொன்று என்று நினைக்கிறேன். வீடு மாறிய முதல் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேசையில் உட்கார முடியுமா, கார்த்திகை மழையிலும் கரண்ட் போன நேரத்திலும் உட்கார்ந்தபடியே இருக்க முடியுமா? இதற்குக் கொம்பனியின் பெயர் பாதிப் பதில்கூட ஆகாது. அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் போஸ்ட்டும், உங்கள் வீட்டுச் சுவரும், ஒரு சின்னப் பற்றரியும்தான் மிச்சத்தைத் தீர்மானிக்கும்.

பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஏழு வருடம் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஏணி தூக்கிக் கம்பி இழுத்தேன். இப்போது வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெற்வேர்க் போட்டுக் கொடுக்கிறேன். ஆகவே கம்பி, ஃபைபர், வீட்டுக்குள் வைஃபை பற்றிச் சொல்வதெல்லாம் கையால் தொட்டுப் பழகியது. மொபைல் ரவர் என் தொழில் அல்ல. அதைப் பற்றிச் சொல்பவை வீடு வீடாகச் சிக்னல் அளந்து பார்த்த பழக்கத்தில் வருபவை, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டடத்தை நான் பார்க்கவும் இல்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விடயம். ஃபைபர், அதாவது கண்ணாடி இழையால் வரும் இணைப்பு, கிடைத்தால் அதையே எடுங்கள். பழைய செம்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல், காகிதத்தில் 24 எம்பிபிஎஸ் வரை போகும். தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து நான்கு ஐந்து கிலோமீற்றர் தள்ளிப் போனால் சில எம்பிபிஎஸ்தான் மிஞ்சும். அதோடு எங்கள் ஊரில் கடல் எந்தப் பக்கத்திலும் தூரமில்லை. உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பொருத்துகளுக்குள் தண்ணீர் இறங்கும், தொலைபேசியில் “கர்ர்” என்ற சத்தத்தோடு இன்ரநெற்றும் விழும். கண்ணாடி இழைக்குத் துரு இல்லை. அதற்குள் போவது ஒளி. இடி மின்னலிலும் ஃபைபர் இழை மின்சாரத்தை உள்ளே கொண்டு வராது. ஆனால் வெளியில் தொங்கும் ஃபைபர் வயரின் ஒரு பக்கத்தில், பாரம் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஒட்டியபடி வரும். வீட்டுக்குள் நுழையும் முன்பே அதைப் பிரித்து வெளியே கொக்கியில் கட்டிவிட வேண்டும். அவசரத்தில் வேலை செய்யும் பெடியள் சிலர் அதையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மின்னல் பிளக் வழியாகவும் வரலாம் என்பதால் பெரிய இடிக்கு வயரைக் கழற்றி வைக்கும் பழைய பழக்கத்தை விடவும் தேவையில்லை.

அடுத்தது, “அங்கே ஃபைபர் இருக்கிறதா?” என்று கேட்டால் வரும் “ஓம்” என்ற பதிலை அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஒரு ஓமுக்குள் மூன்று வேறு ஓம்கள் இருக்கின்றன. வீதியால் ஃபைபர் போகிறது என்பது ஒன்று. உங்களுக்குக் கிட்டிய போஸ்ட்டில் கட்டியிருக்கும் பெட்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பது இன்னொன்று. அந்தப் பெட்டியிலிருந்து மூன்றாம் மாடிக்கு வயர் வர வழி இருக்கிறது என்பது மூன்றாவது. விற்பனைக்கு வருபவர் முதலாவதை வைத்துத்தான் ஓம் சொல்வார். இரண்டாவதில்தான் அதிகம் பேர் மாட்டுவார்கள்.

அந்தப் பெட்டியை எங்கள் ஆட்கள் டீபி என்பார்கள். பொதுவாக எட்டு வீட்டுக்கோ பதினாறு வீட்டுக்கோ இடம் இருக்கும். தனி வீடுகள் இருந்த ஒழுங்கைக்கு எட்டு இடம் தாராளம். அந்த ஒழுங்கையில் ஒரு வளவை வாங்கிப் பன்னிரண்டு பிளாட் கட்டினால், முதலில் குடிவந்த ஐந்தாறு பேரோடு பெட்டி நிரம்பிவிடும். கல்வியங்காட்டில் ஒரு தங்கச்சிக்கு இப்படித்தான் நடந்தது. பணம் கட்டி, திகதி வாங்கி, வீட்டுச் சாமானும் இறக்கிய பிறகு வந்த பெடியன் ஏணியில் நின்றபடி, “அக்கா, போர்ட் ஃபுல், புதுப் பெட்டி போட்டால்தான் தரலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவர் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தால் ஒரு வயர் மேல்மாடிக்குப் போகிறது, மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. அங்கே இருந்தவர்கள் எட்டு மாதத்துக்கு முன்பே கனடா போய்விட்டார்கள், இணைப்பை வெட்டச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மூலம் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, அவர்கள் வெட்டச் சொல்லி, அந்த இடம் இந்தத் தங்கச்சிக்குக் கிடைக்க மூன்று வாரம் போனது. மூன்று வாரமும் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு யன்னலோரம் இருந்து வேலை செய்தார்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். கட்டடத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் புதிதாகக் குடிவருகிறேன் என்று சொன்னால் தேத்தண்ணி தராமல் விடமாட்டார்கள், அந்த இடைவெளியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன இணைப்பு வைத்திருக்கிறீர்கள், இரவு எட்டு ஒன்பது மணிக்கு எப்படி ஓடுகிறது. முடிந்தால் அவர்களுடைய 021 இல் தொடங்கும் நிலையான தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ரீ லங்கா ரெலிகொம்மின் அலுவலகத்தில் அந்த இலக்கத்தைக் கொடுத்தால், எந்தப் பெட்டியிலிருந்து அந்த வீட்டுக்கு லைன் போகிறது, அதில் காலி இடம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுக்குச் சுலபம். வெறும் முகவரியை மட்டும் கொடுத்தால், எங்கள் ஊர் ஒழுங்கைகளின் பெயர்க் குழப்பத்தில், அடுத்த ஒழுங்கையின் பெட்டியைப் பார்த்துவிட்டு ஓம் சொல்லவும் கூடும். தொலைபேசியில் கேட்பதென்றால் 1212. ஆனாலும் நேரில் போவதையே நான் சொல்வேன்.

மூன்றாவது ஓம், கட்டடத்துக்குள் வழி. நல்ல கட்டடமென்றால் கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு குழாய் ஓடும், அதற்குள் இழுத்துவிட ஒரு நூலும் விட்டிருப்பார்கள். இங்கே புதிதாக எழும்பும் பல கட்டடங்களில் மின் வயருக்குக் குழாய் இருக்கும், தண்ணீருக்கு இருக்கும், தொலைபேசிக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அப்போது வயர் வெளிச்சுவரால் ஏறி உங்கள் யன்னல் ஓரத்தில் ஓர் ஓட்டை வழியாக உள்ளே வரும். அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். வீட்டுக்காரர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார், சாவி சித்தப்பாவிடம் இருக்கும், சித்தப்பா “பெயின்ற் பழுதாகும், சுவரில் துளை போட விடமாட்டன்” என்பார். வேலைக்கு வந்தவர்கள் அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு அவர்களைப் பிடிப்பது கஷ்டம். எனவே ஒப்பந்தம் எழுதும்போதே “இன்ரநெற் வயர் கொண்டுவர ஒரு துளை போடலாம்” என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள், அல்லது வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது. தேசிய அடையாள அட்டையும், அந்த முகவரியில் நீங்கள் குடியிருப்பதைக் காட்ட வாடகை ஒப்பந்தமோ மின்சாரப் பில்லோ கையில் இருந்தால் விண்ணப்பத்தில் இழுபறி குறையும். வீட்டில் முந்தியவர் விட்டுச் சென்ற இணைப்பு ஒன்று இருந்தால், அவருடைய நிலுவைப் பணம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். கட்டணத்தை நீங்கள் கட்டி, பெயர் அவருடையதாக இருந்தால், பழுது சொல்லும்போது உங்களை யார் என்று கேட்பார்கள்.

சரி, வேகம். இதில் மக்கள் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு எச்டி வீடியோ கோலுக்கு மேலே அனுப்பவும் கீழே பெறவும் தலா மூன்று நான்கு எம்பிபிஎஸ் இருந்தால் போதும். முழு எச்டியில் படம் பார்க்க ஐந்து, 4கேயில் பார்க்க பதினைந்து. உங்கள் கோல், இரண்டு பிள்ளைகளின் வகுப்பு, ஆச்சி பார்க்கும் யூரியூப் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் முப்பதைத் தாண்டாது. நூறுக்கும் முந்நூறுக்கும் உங்கள் வேலையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அப்லோட் வேகத்தைக் கேட்காமல் பக்கேஜ் எடுக்க வேண்டாம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கீழே வரும் வேகத்தை, கோலில் உங்கள் முகம் உறைந்து நிற்பது மேலே போகும் வேகத்தால். இரண்டாவது, டேட்டாவின் அளவு. ஒரு மணி நேர எச்டி கோல் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை ஜிபி தின்னும். நாளுக்கு நான்கு மணி, மாதம் 22 நாள் என்றால் கோலுக்கு மட்டும் 88 முதல் 132 ஜிபி. அளவு முடிந்ததும் சில பக்கேஜில் வேகத்தை நூல் போல மெலிதாக்கிவிடுவார்கள், அது மாதக் கடைசி வாரத்தில்தான் வரும், உங்கள் முக்கியமான கூட்டமும் அந்த வாரத்தில்தான் வரும். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இங்கே எழுதவில்லை. விளம்பர விலையில் வரி சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பெறுமதி சேர் வரியே 2024 தை மாதத்திலிருந்து 18 வீதம்.

இணைப்புப் போட வரும் நாளில் நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ வீட்டில் நில்லுங்கள். வருபவர் வழக்கமாக வாசல் கதவுக்குப் பக்கத்தில், தனக்கு வயர் மிச்சம் பிடிக்கும் இடத்தில் வீட்டுக்குள் வைக்கும் ஃபைபர் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போவார். வீட்டின் நடுவில், உங்கள் வேலை மேசை இருக்கும் அறைக்குக் கிட்ட வைக்கச் சொல்லுங்கள், இன்னும் பத்து மீற்றர் வயருக்குப் பணம் கேட்டாலும் கொடுங்கள். அவரிடம் ஒளி அளக்கும் ஒரு சின்னக் கருவி இருக்கும். “எத்தனை டீபிஎம் காட்டுது தம்பி?” என்று கேளுங்கள், வந்து சேரும் ஒளியின் பலம் அது. மைனஸ் 15க்கும் மைனஸ் 24க்கும் இடையில் என்றால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் அன்றைக்கு வேலை செய்யும், ஆனால் எங்கோ ஒரு வளைவோ அழுக்குப் பிடித்த முனையோ இருக்கிறது, கொஞ்ச நாளில் விழும். அவர் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் போனில் படம் பிடித்து வையுங்கள், பின்னாளில் பழுது சொல்லும்போது அதுதான் உங்கள் சாட்சி. ஃபைபரைக் கூர்மையாக மடித்தால் உள்ளே இருக்கும் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். கதவிடுக்கில் நெரிபட்டு, கதிரைக் காலுக்குள் அகப்பட்டு, அலுமாரியைச் சுவரோடு தள்ளி, இப்படி வீட்டுக்குள்ளேயே போன லைன்களை எத்தனையோ திருத்தியிருக்கிறேன். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை நூறு தரம் நிறுத்திப் போட்டாலும் பயனில்லை, பழுது சொல்லுங்கள். சிவப்பு இல்லாமல் இன்ரநெற் மட்டும் இல்லையென்றால் ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இப்போது கரண்ட். இதில்தான் நான் கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் “இன்ரநெற் போய்விட்டது” என்று என்னைக் கூப்பிடும் அழைப்புகளில் நல்லதொரு பங்கு உண்மையில் கரண்ட் போனதுதான். 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அந்த அளவு இப்போது இல்லை. ஆனாலும் மழைக் காலத்தில் தென்னோலை விழுந்து, பராமரிப்பு என்று அறிவித்து, அல்லது ஒன்றுமே சொல்லாமல், ஒரு மணி இரண்டு மணி போவது வழக்கம். பழைய செம்பு லைனில் வீட்டுத் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும், வீடு இருண்டாலும் அம்மாவால் கோல் எடுக்க முடிந்தது. ஃபைபரில் அப்படி இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் இன்ரநெற்றோடு தொலைபேசியும் செத்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால், போஸ்ட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. அதற்குள் இருப்பது ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிதான். எக்ஸ்சேஞ்சில் பற்றரியும் ஜெனரேட்டரும் உண்டு. ஊரே இருண்டு கிடந்தாலும் உங்கள் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் லைன் ஓடும்.

அந்தப் பெட்டி தின்பது மிகக் கொஞ்சம், பெரும்பாலும் எட்டு முதல் பத்து வாற். இதற்குப் பெரிய இன்வேர்ட்டர் வேண்டாம். ரவுட்டருக்கென்றே விற்கும், கரண்ட் போனால் பற்றரியில் ஓடவைக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும், ரவுனில் கம்பியூட்டர் கடைகளில் கிடைக்கும். யூபிஎஸ்ஸின் மேல் 8800 எம்ஏஎச் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து 12ஆல் பெருக்கிச் சந்தோஷப்பட வேண்டாம். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8.8ஐ 3.7ஆல் பெருக்கினால் 32 வாற் மணி சொச்சம், மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் பத்து வாற் பெட்டிக்கு இரண்டே முக்கால் மணி, எட்டு வாற்றுக்கு மூன்று மணியைக் கொஞ்சம் தாண்டும். வாங்கும் முன் உங்கள் அடப்ரரின் வோல்ட்டைப் பாருங்கள். பல பெட்டிகள் 12, சில 9 அல்லது 5. மாற்றிக் குத்தினால் பெட்டி எரியும், அந்தப் பெட்டிக்குப் பணம் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். தனி ரவுட்டர் ஒன்றும் வைத்திருந்தால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஃபைபர் பெட்டிக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு ரவுட்டரைச் சுவர்ப் பிளக்கில் விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னால், அது வீடுகளுக்குள்ளும் கரண்ட் தருமா அல்லது லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் படிக்கட்டு லைற்றுக்கும் மட்டுமா என்று கேளுங்கள். அநேகமாக இரண்டாவதாக இருக்கும். அது உங்கள் வீட்டுக்கும் கரண்ட் தந்தாலும், ஓடத் தொடங்க எடுக்கும் பத்து இருபது வினாடியில் ரவுட்டர் அணைந்து, திரும்ப எழும்ப மூன்று நான்கு நிமிடம் போகும். மினி யூபிஎஸ் எப்படியும் வேண்டும்.

உங்களைப் போல் கூட்டத்தில் இருந்து கழன்றால் சம்பளத்தில் கைவைக்கும் வேலை என்றால், இரண்டாவது இணைப்பு ஒன்று கட்டாயம். ஒரே ஒரு விதி, அது வேறு கொம்பனியாகவும் வேறு வழியாகவும் இருக்க வேண்டும். ரெலிகொம் ஃபைபர் எடுத்துவிட்டு மொபிட்டல் சிம்மை மாற்றாக வைப்பவர்கள் பலர். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை மறந்துவிடுகிறார்கள். தெற்கே எங்காவது அவர்களுடைய பிரதான கேபிள் வெட்டுப்பட்டால் இரண்டும் சேர்ந்தே படுக்கலாம். அப்படியானால் டயலொக் அல்லது ஹட்ச். பழைய எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது, எற்றிசலாட் 2018இலேயே ஹட்ச்சோடு சேர்ந்துவிட்டது. ஆகவே பழைய பெயர்களை வைத்து வேறு வேறு என்று நினைக்க வேண்டாம். மாதக் கட்டணம் குறைந்த ஒரு சிம்மும் சின்ன 4ஜி ரவுட்டரும் போதும். வீட்டுக்கென்று தரும் சில 4ஜி பக்கேஜுகளை ஓர் இடத்துக்கென்று பூட்டித் தருவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த சிம் என்பதை விளம்பரம் சொல்லாது, என்னாலும் இங்கிருந்து சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் தட்டையான ஊர், மலை இல்லை, ரவர் தூரம் வரை தெரியும். ஆனால் வழியில் ஒரு பனந்தோப்பு நின்றால், அதுவும் மழையில் நனைந்து நின்றால், சிக்னலைக் குடித்துவிடும். மூன்றாம் மாடி உங்களுக்குச் சாதகம். கொங்கிறீற் சுவரும் தட்டும் பாதகம். வீடு பார்க்க வரும்போது மூன்று கொம்பனியின் சிம்மையும் கொண்டு வாருங்கள், நண்பர்களிடம் இரவல் வாங்கினாலும் சரி. பகல் பதினொரு மணிக்கு அளந்து பயனில்லை. இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில், வேலை மேசை வரப்போகும் அறையில் யன்னலோரமாக நின்று, மூன்று தடவை வேகம் பாருங்கள். ஒரே ரவரை எல்லோரும் பங்குபோடும் நேரம் அது. போனில் சிக்னல் காட்டும் செயலி இருந்தால் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள்: மைனஸ் 90க்கு மேலே என்றால் நல்லது, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110க்கும் கீழே போனால் அந்த சிம்மை விடுங்கள். இன்னொன்று, பிளாட் நல்லூர் கோயிலுக்குக் கிட்ட என்றால், இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேர், தீர்த்தம் அன்றைக்கு எந்த சிம்மையும் நம்ப வேண்டாம். அத்தனை சனமும் நேரடி ஒளிபரப்புப் போட்டுக்கொண்டு நிற்கும். திருநெல்வேலி வரை அது எவ்வளவு வரும் என்பது உங்கள் வீட்டுக்கு எந்த ரவர் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இன்ரநெற் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் 2025 ஆடியில் சேவை தொடங்கியது. செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால், 36,000 கிலோமீற்றர் உயரத்து பழைய செய்மதி இன்ரநெற் போல் பேச்சுப் பிந்தி வராது. ஆனால் வாடகைப் பிளாட்டுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். திறந்த வானம் வேண்டும், மொட்டைமாடியில் வைக்க எல்லோரின் சம்மதமும் வேண்டும், அதன் வழமையான அன்ரெனாத் தட்டு 75 முதல் 100 வாற் வரை தின்னும் என்பதால் உங்கள் மினி யூபிஎஸ் அதன் பக்கத்திலும் போக முடியாது. தீவுப் பகுதியிலோ ஃபைபர் எட்டாத கிராமத்திலோ சொந்த வீடு என்றால் வேறு கதை.

வீட்டுக்குள் வைஃபை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒன்றை மட்டும் செய்யுங்கள்: உங்கள் வேலைக் கம்பியூட்டரை வைஃபையில் விடாமல் கேபிளில் குத்துங்கள். பன்னிரண்டு பிளாட் உள்ள கட்டடத்தில் பன்னிரண்டு ரவுட்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று கத்திக்கொண்டிருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றுதான், 1, 6, 11. ஐந்து கிகாஹேர்ட்ஸ் நெருக்கடி குறைந்தது, ஆனால் இரண்டு சுவர் தாண்டக் களைத்துவிடும். பத்துப் பதினைந்து மீற்றர் கேற் சிக்ஸ் என்ற நெற்வேர்க் கேபிளும் சுவரோரம் அடிக்க ஒரு பெட்டி கிளிப்பும் போதும். பிள்ளைகளின் ரப்லெற்றுகள் வைஃபையில் இருக்கட்டும்.

திகதி விடயத்தில் நிச்சயமாக எதுவும் சொல்லமாட்டேன். போஸ்ட் பெட்டியில் இடம் இருந்து, வயர் தூரம் குறைவாக இருந்து, மழை இல்லாவிட்டால் ஒரு கிழமைக்குள் முடிந்ததையும் கண்டிருக்கிறேன். ஒரு போஸ்ட் நடவேண்டி வந்ததால் இரண்டு மாதம் இழுபட்டதையும் கண்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே விண்ணப்பியுங்கள், குடிவரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்ப இலக்கத்தை எழுதி வையுங்கள். வந்து பார்த்தவரின் போன் இலக்கத்தையும் மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள், சில நேரம் அலுவலகத்தைவிட அந்தத் தம்பிதான் விரைவாக வருவார். கொம்பனியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம், அவர்களுடைய இலக்கம் 1900. ஆனால் முதலில் கொம்பனியிடம் முறைப்பாடு போட்ட இலக்கம் கையில் இருக்க வேண்டும்.

கொழும்பு வீட்டு இணைப்பை இப்போதே வெட்ட வேண்டாம். அது ரெலிகொம் ஃபைபராக இருந்தால், புதிதாக எடுக்காமல் யாழ்ப்பாண முகவரிக்கு மாற்றித் தர முடியுமா, அதே இலக்கம் வருமா, பழைய பெட்டியைக் கொண்டுவர வேண்டுமா ஒப்படைக்க வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். இடமாற்றத்திலும் திருநெல்வேலிப் பெட்டியில் ஓர் இடம் காலியாக இருந்தே ஆக வேண்டும். சனிக்கிழமை பிளாட் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பின்னேரமாக வாருங்கள், இரவு ஒன்பது மணி வரை நின்று சிம்மை அளந்துவிட்டுப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கேற்றடியில் நின்று அந்த போஸ்ட் பெட்டியைத் தெளிவாக ஒரு படம் எடுத்து இங்கே போட்டால், அதிலிருந்து எத்தனை வயர் இறங்குகிறது என்று எண்ணிச் சொல்கிறேன்.